ஊர்க் கல்லில் எண் இருக்கிறது, பெயர் இல்லை: போரில் இறந்தவர்களை எப்படித் தேடுவது?

கேள்வி: எங்கள் ஊர் வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய சாவடி இருந்த இடத்தில் ஒரு பலகைக்கல் சாய்ந்து நிற்கிறது. "இந்தக் கிராமத்திலிருந்து 19 பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 3 பேர் உயிர் நீத்தனர்" என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அந்த மூன்று பேர் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரிலும் எங்கள் ஊர்க்காரர்கள் பர்மாவில் இறந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். இளைஞர்கள் சேர்ந்து கல்லுக்குப் பெயின்ட் அடித்து, மேடை கட்டி, பெயர்களை அதிலேயே பொறிக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயின்ட் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். சாலை வேலை தொடங்குவதற்குள் செய்ய வேண்டியது வேறு. கல்லை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை ஊராட்சி, கிராம நிர்வாக அலுவலர், சாலை வேலையைப் பார்க்கும் பொறியாளர் மூவருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஜேசிபி ஓட்டுபவருக்கு அது என்ன கல் என்று தெரியாது. சொல்லி வைத்தால்தான் உண்டு.

அடுத்தது பெயர்கள். என் மனதில் இதுதான் முதல் வேலை, மேடையெல்லாம் பிறகு. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய நாடு இது. மாடு மீட்கப் போய் இறந்தவன் யார், யாருடைய ஆள், எந்த ஊர் என்று செங்கம் பக்கத்து நடுகற்களில் இன்றைக்கும் படிக்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் வைத்த கல்லில் வெறும் 19, வெறும் 3. இந்த வகைக் கற்கள் இந்தியா முழுவதும் ஏறத்தாழ ஒரே வாசகத்தோடு வைக்கப்பட்டவை. 1918-இல் சண்டை நின்றாலும் சமாதான ஒப்பந்தம் 1919-இல்தான் கையெழுத்தானது. கல்லில் 1919 என்று இருப்பது அதனால்தான்.

பெயர் கிடைக்கும் முதல் இடம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். 1917-இல் தொடங்கிய அமைப்பு இது. இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு இங்கே இருக்கிறது, இலவசமாகத் தேடலாம். ஆனால் பெரும்பாலானோர் பெயரை மட்டும் போட்டுத் தேடிவிட்டு, இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். உங்களிடம் பெயரே இல்லை, அதனால் வேறு வழியில் போக வேண்டும். தேடல் பக்கத்தில் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்தியப் படையினர் பலருக்கு அதில் தகப்பன் அல்லது மனைவி பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் இருக்கும். படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரை இடுங்கள்.

அன்றைய எழுத்துக்கூட்டலில் இடுங்கள், அதுதான் முக்கியம். வந்தவாசி அப்போது வாண்டிவாஷ் (Wandiwash), மாவட்டம் வட ஆற்காடு (North Arcot). செங்கல்பட்டு சிங்கிள்புட் (Chingleput), காஞ்சிபுரம் கஞ்சீவரம் (Conjeevaram), திருச்சி டிரிச்சினாப்பொலி (Trichinopoly). கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் சேலம் மாவட்டத்தில் தேட வேண்டும். உங்கள் கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தா அதைக் காதால் கேட்டு எழுதியிருப்பார். நெடில் குறிலாகியிருக்கும், 'ழ' என்பது 'ல'வாகவோ 'ய'வாகவோ மாறியிருக்கும், 'பாக்கம்' நான்கு விதமாக வரும். ஊர் கிடைக்காவிட்டால் தாலுகாவை மட்டும் போட்டு, வருகிற பட்டியல் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும். நான் பார்த்த வரையில் பெயர்கள் அகப்படுவது இப்படித்தான்.

பதிவில் சிப்பாய் என்று இல்லாமல் சமையல்காரர், தண்ணீர் தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், தொழிலாளர் படைக் கூலி என்று இருந்தால் தள்ளிவிடாதீர்கள். அவர்களும் போரில் இறந்தவர்கள்தான். நோயில் இறந்தவர்களும் அப்படித்தான். படையில் இருந்தபடியே உள்ளூர் ஆஸ்பத்திரியில் இறந்தவரும் கணக்கில் உண்டு. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை நேர்ந்த இறப்புகளை ஆணையம் எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் கல் மூன்று என்று சொன்னாலும் நான்கு பெயர் கிடைக்கலாம். கல்லின் எண்ணுக்காக யாரையும் விட்டுவிட வேண்டாம்.

பெயர் கிடைத்ததும் அவர் எங்கே நினைவுகூரப்படுகிறார் என்று பாருங்கள். அது ஒரு கதையைச் சொல்லும். முதல் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், சுமார் 74,000 பேர் இறந்தார்கள். பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை, பாதை அமைக்கும் படையான 61-ஆம் பயனியர்ஸ் போன்ற நம் பக்கத்துப் படைகள் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டன. இராக்கில் இறந்தவர் என்றால் பஸ்ரா நினைவகம் என்று வரும். 40,000-க்கும் மேற்பட்டோருக்கான அந்த நினைவகத்தின் பலகைகளில் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குப் பெயர் இருந்தது. இந்திய அதிகாரிகளுக்கும் இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண் மட்டும்தான். உங்கள் ஊர்க் கல்லில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021-இல் ஆணையத்தின் குழுவே அறிக்கை கொடுத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். பலகையில் இல்லாத அந்தப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து இன்று நாம் எடுக்க முடியும் என்பதுதான் ஆறுதல்.

இரண்டாம் போர் கொஞ்சம் சுலபம். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் ரங்கூன் நினைவகத்தில் இருப்பார்கள். அங்கே சுமார் 27,000 பெயர்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகம். இந்துப் படைவீரர்கள் பலர் எரியூட்டப்பட்டதால் கல்லறை இருக்காது, தகன நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற அவருடைய பெயர் சாங்ரோ ஆற்றங்கரைத் தகன நினைவுச்சின்னத்தில்தான் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்களை ஆணையம் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 'மரண ரயில் பாதை' வேலையில் செத்துப்போன நம் தோட்டத் தொழிலாளர்களும் அதில் இல்லை. உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் குடும்பத்தார் சொல்வதை வைத்துத் தனியாக எழுத வேண்டும். கட்டாயம் எழுதுங்கள்.

சரி, இனி வீடுவீடாகப் போக வேண்டிய வேலை. சாவடி இருக்கும் தெருவோடு நின்றுவிடாதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் பயனியர்ஸ் படைகளிலும் பறையர் சமூகத்தவர் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். கல் ஊருக்குள் நிற்கலாம், இறந்தவரின் பேரன் வீடு காலனியில் இருக்கலாம். அங்கே முதலில் போங்கள். தேவாலயப் பதிவேடு இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் "பழைய மெடல் இருக்கா?" என்று கேளுங்கள். முதல் போர் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் சின்ன எழுத்தில் வெட்டியிருக்கும். பல வீடுகளில் அது உருக்கப்பட்டுவிட்டது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெண்கல வட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பெண்ணும் சிங்கமும் செதுக்கிய அந்த வட்டில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு பெயர் மட்டும் இருக்கும். போரில் இறந்தவரின் வீட்டுக்கு மட்டுமே அதைக் கொடுத்தார்கள். நான் ஒரு வீட்டில் அது அரிசிப் பானைக்கு மூடியாக இருந்ததைப் பார்த்தேன். தாத்தாவின் தகப்பன் பெயர் அதில் இருக்கிறது என்று படித்துக் காட்டியதும் அந்த அம்மா அதைக் கழுவி சாமி மாடத்தில் வைத்தார். இரண்டாம் போருக்கு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விதவைகளுக்கு உதவித்தொகை வழங்கிய பழைய கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கல்லுக்கு வருவோம். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஆசிட், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புப் படலம் இருந்தால் ஊறவைத்து மூங்கில் சில்லால் மெல்ல எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள், தானே தெரியும். கல்வெட்டு ஆர்வலர் யாராவது அருகில் இருந்தால் மைப்படி (கல்லில் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் நகல்) எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓர் ஊரில் எனாமல் பூசியபோது தேய்ந்த 1-ஐ 7 என்று நினைத்து எழுதிவிட்டார்கள். இப்போது அந்த ஊரில் எல்லோரும் ஏழு பேர் இறந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

பழைய கல்லில் புதிதாக ஓர் எழுத்தும் வெட்டாதீர்கள். பக்கத்தில் இன்னொரு கல் வையுங்கள், தமிழில். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, இறந்த இடம். எழுத்துக்கூட்டலைக் குடும்பத்தாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே சிற்பியிடம் கொடுங்கள். பதிவேட்டில் 'முனிசாமி' என்று இருந்தாலும் வீட்டில் 'முனுசாமி' என்றால் கல்லில் முனுசாமிதான். திரும்பி வந்த 16 பேரின் பெயர்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கிடைக்கும், கீழே அவர்களுக்கு இடம் விட்டு வையுங்கள்.

திறப்பு விழாவுக்கு, முதல் போரில் சண்டை நின்ற நாளான நவம்பர் 11 தான் வேண்டும் என்றில்லை. மூவரில் ஒருவர் இறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மேடையில் இருப்பவர் வாசிக்க வேண்டாம், அந்த வீட்டுப் பிள்ளைகளே வாசிக்கட்டும்.