பிள்ளையோடு சேர்ந்து ஐஸ் ஸ்கேட்டிங் கற்கத் தொடங்கும் பெற்றோருக்கு: கேள்வி பதில்

பிள்ளையை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டுத் தடுப்புச் சுவருக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் பலர், சில வாரங்களில் தாமும் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்குகிறார்கள். வயது வந்தோருக்கான தொடக்க வகுப்புகளை நடத்துபவன் என்ற முறையில், அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருள் பற்றிய கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. பள்ளி நாட்களுக்குப் பிறகு எந்த விளையாட்டிலும் ஈடுபட்டதில்லை. என் மகள் கற்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருக்கிறது. இந்த வயதில் தொடங்குவது சரிதானா?

பதில்: சரிதான். வயது வந்தோர் ஸ்கேட்டிங் என்பது இன்று தனக்கென்று பாடத்திட்டமும் போட்டிகளும் உள்ள ஒரு துறை. அமெரிக்காவில் வயது வந்தோருக்கான தேசியப் போட்டி 1995 முதல் நடக்கிறது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் பெயரில் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் நடைபெறும் வயது வந்தோர் போட்டியில் கலந்துகொள்ள, குறைந்தது 28 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதே விதி. நீங்கள் போட்டிக்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாற்பது வயதில் பனித்தளத்தில் இறங்குபவர் அங்கே விந்தையான காட்சியாக இருக்கமாட்டார் என்பதற்காகவே சொல்கிறேன்.

எலும்பு அடர்த்திக் குறைவு, தலைசுற்றல், முழங்காலில் பழைய காயம் ஆகியவை இருந்தாலோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். விழாமல் எவரும் கற்க முடியாத கலை இது என்பதை மனத்தில் வைத்துத்தான் அவர் முடிவு சொல்ல வேண்டியிருக்கும்; ஆகவே அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் என்னைத் தடுக்கிறது. குழந்தைகள் விழுந்தவுடன் எழுந்து ஓடுகிறார்கள். நமக்கு அப்படி முடியுமா?

பதில்: குழந்தையின் உடல் தரைக்கு அருகில் இருக்கிறது, எடையும் குறைவு, ஆகவே அடியும் சிறியது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது உண்மையே. ஆனால் வயது வந்தவர்கள் விழுவதற்கான காரணத்தை உற்றுக் கவனித்தால், பெரும்பாலும் அந்தப் பயமே விழவைக்கிறது என்பது புரியும். பயந்த உடல் முழங்காலை விறைப்பாக நீட்டிக்கொள்கிறது, மேலுடல் பின்னால் சாய்கிறது, கண் பாதத்தையே பார்க்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எடை குதிகாலுக்குப் போய், கால்கள் முன்னே வழுக்கிச் செல்ல, ஆள் பின்பக்கமாக விழுகிறார். முழங்காலை மடித்து, கைகளை இடுப்பு உயரத்தில் முன்னால் வைத்து, எதிரே உள்ள சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தடுமாறினாலும் பெரும்பாலும் சமாளித்து நின்றுவிடுவார்.

எனவே என் வகுப்பில் முதல் பாடம் விழுவதுதான். சமநிலை போய்விட்டது என்று தெரிந்தவுடன் அதை மீட்கப் போராடாமல், முழங்கால்களை நன்றாக மடித்துத் தாழ்ந்து, ஒரு பக்கத் தொடையும் பிட்டமும் முதலில் படும்படி பக்கவாட்டில் சரிய வேண்டும். உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றக் கூடாது. வயது வந்தவர்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். பின்பக்கமாக விழ நேர்ந்தால் தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்மண்டை அடிபடாமல் காக்க அதுவே வழி. விழுந்த பிறகு விரல்களை மடக்கிக் கைகளை உடலோடு சேர்த்துக்கொள்ளுங்கள், பிறருடைய பிளேடு அருகில் வரலாம். எழுவதற்கு, முதலில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கவிழ்ந்து, ஒரு பாதத்தை முன்னால் கொண்டுவந்து பிளேடு நேராகப் பதியும்படி வைத்து, இரு கைகளையும் அந்த முழங்கால் மீது வைத்து அழுத்தி எழ வேண்டும். உட்கார்ந்த நிலையிலிருந்து நேராக எழ முயன்றால் பிளேடு முன்னே ஓடிவிடும்.

கையுறை கட்டாயம். பின்மண்டையை மூடும் ஹெல்மெட்டையும் மணிக்கட்டுக் காப்பையும் நான் வயது வந்தவர்களுக்கு வலியுறுத்துகிறேன். குழந்தைக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டிவிட்டுத் தான் வெறுந்தலையோடு இறங்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. அதிக உயரத்திலிருந்து விழப்போவது அவர்கள்தாமே.

கேள்வி: சொந்தமாக ஸ்கேட் வாங்க வேண்டுமா, வாடகைக்குக் கிடைப்பதே போதுமா?

பதில்: முதல் சில வகுப்புகளுக்கு வாடகை ஸ்கேட் போதும். தொடர்ந்து வரப்போகிறோம் என்று உறுதியானவுடன் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. பலர் கால்களில் மாறி மாறி ஏறிய பூட்ஸ் கணுக்கால் பகுதியில் தளர்ந்திருக்கும், பிளேடும் மழுங்கியிருக்கக்கூடும். தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர், பொருத்தமான பூட்ஸ் கிடைத்த நாளன்றே ஒரு காலில் வழுக்கிச் சென்றதைக் கண்டிருக்கிறேன்.

தெருவில் போடும் காலணியின் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். ஸ்கேட்டிங் பூட்ஸ் பெரும்பாலும் அதைவிடச் சிறிய அளவில்தான் பொருந்தும், அளவு எண்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாதத்தை அளந்து, மெல்லிய காலுறையோடு போட்டுப் பாருங்கள். நேராக நிற்கும்போது கால்விரல்கள் முன்பகுதியை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடிக்கும்போது சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. தடித்த கம்பளிக் காலுறை போட்டு இடைவெளியை நிரப்புவது பலரும் செய்யும் காரியம். அதனால் பாதம் பூட்ஸுக்குள் நகரும், பிளேடு சொன்னபடி கேட்காது. தொடக்கநிலைக்கு மிகவும் விறைப்பான பூட்ஸும் வேண்டாம். தாவல்களுக்காகச் செய்யப்பட்ட அத்தகைய பூட்ஸில் கணுக்காலை மடிக்கவே முடியாது.

கேள்வி: என் கணுக்கால்கள் உட்பக்கமாக மடிந்துவிடுகின்றன. கால்கள் பலவீனமா?

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு முன் கயிற்றைப் பாருங்கள். விரல் பகுதியில் இலேசாகவும், பாதத்தின் மேல்வளைவிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமாகவும், மேலே உள்ள கொக்கிகளில் சற்றுத் தளர்வாகவும் கட்ட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கால் மணி நேரம் பனியில் இருந்த பிறகு ஒருமுறை அவிழ்த்து மறுபடி இறுக்குவதும் உதவும். அதன் பிறகும் மடிந்தால் பூட்ஸ் பெரிதாக இருக்கிறது, அல்லது பிளேடு சரியான இடத்தில் பொருத்தப்படவில்லை.

கேள்வி: ஃபிகர் ஸ்கேட், ஹாக்கி ஸ்கேட் இரண்டில் தொடக்கத்துக்கு எது ஏற்றது?

பதில்: இரண்டிலும் கற்கலாம். ஃபிகர் ஸ்கேட்டின் பிளேடு நீளமானது, சற்றுத் தடிமனானது, முன்முனையில் டோ பிக் எனப்படும் பற்கள் கொண்டது. ஹாக்கி பிளேடு இரு முனைகளிலும் வளைந்திருக்கும், பற்கள் கிடையாது. முன்னும் பின்னும் ஆடாமல் நிற்க ஃபிகர் பிளேடு உதவும். ஆனால் பாதத்தை இழுத்து நடப்பவர்களை அந்தப் பற்கள் தடுக்கிவிடும். வேகமாகச் சென்று சட்டென்று திரும்பும் விருப்பம் உள்ளவர்களுக்கு ஹாக்கி ஸ்கேட் பிடிக்கும். உங்கள் ஆசிரியர் அணிந்திருப்பதையே நீங்களும் அணிவது நல்லது, அவர் காட்டுவதை அப்படியே செய்து பார்க்கலாம்.

கேள்வி: வகுப்பில் என்னென்ன, எந்த வரிசையில் கற்பிப்பார்கள்? நிற்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எப்போது தானாகச் செல்ல முடியும்?

பதில்: வரிசை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். விழுதல், எழுதல், நின்ற இடத்தில் கால் தூக்கி வைத்தல், நடை, இரு கால்களில் வழுக்குதல், நிறுத்துதல், பிறகு ஒரு காலில் வழுக்குதல், பின்னோக்கிச் செல்லுதல், வளைவில் காலைக் குறுக்கே வைத்துச் செல்லுதல், திரும்புதல்.

இதில் எல்லாமே ஓரங்களைப் பொறுத்தது. பிளேடின் அடிப்பகுதி தட்டையானது என்று பலர் நினைக்கிறார்கள். நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் அதில் குடையப்பட்டிருக்கிறது. பள்ளத்தின் இரு கரைகளே உள் ஓரமும் வெளி ஓரமும். சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு ஓரங்கள். முன்னே செல்ல, ஒரு காலின் உள் ஓரத்தால் பனியைப் பக்கவாட்டில் தள்ளி, எடை முழுவதையும் மற்றக் காலுக்கு மாற்ற வேண்டும். தொடக்கநிலையினர் நடப்பதுபோல விரல்நுனியால் பின்னே தள்ளப் பார்ப்பார்கள். பற்கள் கீறும் ஓசை கேட்டால் அதுதான் நடக்கிறது என்று பொருள். இரு குதிகால்களும் ஒட்டியிருக்க, இரு பாதங்களின் முன்முனைகளையும் வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மடித்து, கால்களை வெளியே செல்லவிட்டு மறுபடி உள்ளே இழுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. பனியில் மீன் வடிவம் வரையும் அந்தப் பயிற்சிக்கு, ஒரு காலைத் தூக்கும் துணிச்சல் தேவையில்லை, ஓரத்தின் பிடி மட்டும் தெளிவாகத் தெரியும். வயது வந்தவர்களுக்கு அதையே நான் அதிகமாகக் கொடுக்கிறேன்.

எத்தனை வாரம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் வந்துபோகிறவருக்கும், அதே வாரத்தில் தனியாக ஒருமுறை பயிற்சி செய்கிறவருக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரியது. வயது வந்தவர்கள் விளக்கத்தை ஒரே தடவையில் புரிந்துகொள்கிறார்கள். புரிந்ததை உடல் ஏற்க நாளாகிறது. பிள்ளைகளுக்கு இது நேர் எதிர்.

கேள்வி: செல்லத் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை. சுவரில் மோதித்தான் நிற்கிறேன்.

பதில்: சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தொடங்குங்கள். ஒரு காலின் விரல்களைச் சற்று உட்பக்கம் திருப்பி, பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் வெளியே தள்ளித் தள்ளிப் பனித்தூளைச் சுரண்டுங்கள். தூள் வந்தால் பிளேடு சரியான கோணத்தில் இருக்கிறது. வெட்டிக்கொண்டு நின்றுவிட்டால் உள் ஓரத்தில் அளவுக்கு மீறிச் சாய்கிறீர்கள். அந்த உணர்வு பழகிய பிறகு, மெதுவாக வழுக்கிச் செல்லும்போது முழங்கால்களை மடித்து அதையே செய்தால் நிற்கலாம். வேகத்தைக் கூட்டுவது இதற்குப் பிறகுதான்.

கேள்வி: என் ஐந்து வயது மகனும் நானும் ஒரே நேரத்தில் தொடங்குகிறோம். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகக் கற்கலாமா?

பதில்: கற்பதைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. தொடக்கநிலையில் உள்ள பெரியவர் தொடக்கநிலையில் உள்ள குழந்தையின் கையைப் பிடித்திருந்தால், ஒருவர் விழும்போது மற்றவரும் விழுவார். பெரியவர் குழந்தையின் மேல் விழவும் கூடும். குழந்தை இயல்பாகச் சரிந்து விழவிருக்கும்போது நாம் கையைப் பிடித்து மேலே இழுப்பதும் அதன் தோளுக்கு நல்லதல்ல.

மகனின் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு இருந்தால் அதில் சேருங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் இருக்கும்போது அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். தலை திரும்பும் பக்கம் தோளும் திரும்பும், தோள் திரும்பினால் பாதையும் திரும்பும். அவனைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் இருக்கிறார். அங்கே நீங்களும் ஒரு மாணவர். அவன் உங்களைவிட விரைவில் முன்னேறுவான் என்பதையும் இப்போதே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். நீங்கள் விழுவதையும் எழுவதையும் அவன் பார்க்கட்டும். வீட்டில் "பயப்படாதே" என்று பலமுறை சொல்வதைவிட அது அவனுக்கு உதவும்.

இருவருக்கும் நிறுத்தத் தெரிந்த பிறகு, பொது நேரத்தில் கைகோத்துச் செல்வதில் தடையில்லை. அப்போது எல்லோரும் செல்லும் திசையிலேயே செல்லுங்கள். தளத்தின் நடுப்பகுதி சுழற்சியும் தாவலும் பழகுவோர் பயன்படுத்துவது என்பதால், குழந்தையோடு அங்கே நின்று பேச வேண்டாம்.

கேள்வி: பிடித்துக்கொண்டு தள்ளிச் செல்லும் பென்குவின் பொம்மைகளைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஒரு நாள் பொழுதுபோக்குக்குக் கொடுக்கலாம். கற்பதற்கு வேண்டாம். எடையைக் கைகளில் சாய்த்து நிற்கும் பழக்கம் வந்துவிடும், அதை மாற்ற ஆசிரியருக்குக் கூடுதல் நாட்கள் ஆகும்.

கேள்வி: ஒரே தளம் ஒரு நாள் நன்றாக வழுக்குகிறது, மறுநாள் ஒட்டுவதுபோல இருக்கிறது. ஏன்?

பதில்: உடல் எடையின் அழுத்தத்தால் பனி உருகி வழுக்குகிறது என்று பலர் படித்திருப்போம். மனித எடை ஏற்படுத்தும் அழுத்தம் உருகுநிலையை மிகச் சிறிதளவே தாழ்த்தும் என்பதால், கடுங்குளிரிலும் ஸ்கேட் செய்ய முடிவதை அது மட்டும் விளக்காது. உருகுநிலைக்குக் கீழேயும் பனியின் மேற்பரப்பில் நீர்த்தன்மை கொண்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. 1850இல் மைக்கேல் ஃபாரடே இதைக் கருதுகோளாக முன்வைத்தார். பிளேடின் உராய்வு வெப்பமும் அதோடு சேர்கிறது. ஆகவே வெப்பநிலை சில பாகைகள் மாறினாலே காலுக்குத் தெரியும். மென்மையான பனியில் ஓரம் நன்றாகப் பதியும். கடினமான பனியில் வேகம் கூடும், பிடி குறையும். இயந்திரம் வந்து புது நீர் பூசிச் சென்ற உடனே உள்ள தளம் வழவழப்பாக இருக்கும். பலர் ஓடிய பிறகு கீறலும் பனித்தூளும் தடுக்கும். தொடக்கநிலையினர் தங்கள் நாளை இதை வைத்து எடைபோட வேண்டியதில்லை.

கேள்வி: பிளேடைப் பராமரிப்பது எப்படி?

பதில்: புது பிளேடைத் தீட்டிவிட்டே இறங்குங்கள், பல பிளேடுகள் தீட்டப்படாமலே விற்பனைக்கு வருகின்றன. பிறகு 20 முதல் 40 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை தீட்டினால் போதும். கால் பக்கவாட்டில் நழுவத் தொடங்கினால் அதற்கு முன்பேகூடத் தீட்டலாம். பனிக்கு வெளியே நடக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் பிளேடையும் அதைப் பூட்ஸோடு இணைக்கும் திருகுகளையும் துணியால் துடைத்து, துணி உறைக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்தால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

கேள்வி: வாரம் ஒருமுறைதான் தளத்துக்குச் செல்ல முடிகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: ஒற்றைக் காலில், முழங்காலைச் சற்று மடித்து நின்று பழகுங்கள், பல் துலக்கும் நேரம் அதற்குப் போதும். அது எளிதானவுடன் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள், அருகில் பிடிமானம் இருக்கட்டும். குந்தி எழும் பயிற்சியும் கணுக்காலை முன்னோக்கி மடிக்கும் நீட்சியும் சேர்த்தால், பூட்ஸுக்குள் முழங்காலை இறக்க முடியவில்லை என்ற குறை குறையும். சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட் வைத்திருப்பவர்கள் தள்ளுவதையும் எடை மாற்றுவதையும் அதில் பழகலாம். நிறுத்தும் முறை மட்டும் முற்றிலும் வேறு என்பதால், பனியில் இறங்கியதும் முதல் சில நிமிடங்களை நிறுத்தும் பயிற்சிக்கே ஒதுக்குங்கள்.