சின்னம், கொடி, சிலைக்கெல்லாம் ஏன் இவ்வளவு சண்டை? வெறும் அலங்காரம்தானே?

அலங்காரம் என்றால் யாரும் நீதிமன்றம் வரை போக மாட்டார்கள்.

நம் செட்டிநாட்டு வீடுகளையே பாருங்கள். வாசல் வளைவுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி இருப்பாள். கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான். செல்வம் இருக்கிறது, ஆட்சியாளரோடு உறவும் இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்கு வீட்டுக்காரர் வாய் திறக்காமலே சொன்னதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தியவர்களுக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. (அந்தச் சிப்பாயைப் படமெடுக்கத்தான் இப்போது கூட்டம்!)

காந்தி 1921இல் மதுரையில் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறியதும் இதே கணக்குதான், திசை மட்டும் நேரெதிர். ஏழையோடு நிற்கிறேன் என்பதை உடம்பே சொல்லியது. பத்துப் பொதுக்கூட்டம் போட்டாலும் அது வராது.

சரி, தேர்தல் சின்னம்? எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்று வந்த ஏற்பாடு அது. ஆனால் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்று, இரண்டுமே தோற்றன. அணிகள் இணைந்த பிறகுதான் இலை திரும்பக் கிடைத்தது. பிளவுபட்டதும் தோல்விக்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கட்சி உடைந்தால் முதல் சண்டை இன்றும் சின்னத்துக்குத்தான்.