வாசகர் கேள்வி - பதில்: ஆம்னியின் கரும்புகை

கேள்வி: 1997 மாடல் மாருதி ஆம்னி, சமையல் பாத்திரங்கள் ஏற்றி இறக்க ஓடுகிறது. சில மாதங்களாகக் கரும்புகை வருகிறது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. 14 கிலோமீட்டர் கொடுத்த மைலேஜ் 9க்கு இறங்கிவிட்டது. மெக்கானிக் ட்யூன் செய்து கொடுத்தால் இரண்டு நாள் சரியாக ஓடும், பிறகு பழையபடிதான். கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?
- ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ட்யூனிங் என்ற பெயரில் பெரும்பாலும் மிக்சர் ஸ்க்ரூவைத்தான் திருகுவார்கள். அந்த ஸ்க்ரூ ஐட்லிங்கில் (வண்டி நிற்கும்போது என்ஜின் மெல்ல ஓடும் நிலை) போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையை மட்டுமே கட்டுப்படுத்தும். வண்டி ஓடும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் என்ற சிறு பித்தளைத் துளை வழியாக. ஓடும்போதும் புகை, மைலேஜும் சரிவு என்றால் பெட்ரோல் வேறு எங்கோ அதிகமாகப் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் பயன் இல்லை.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியில் ஆளை ஏற்றி ஓட்டக் கூடாது. சீட்டைத் தூக்கி, பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை ஓஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அடுத்து ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, பெட்ரோல் என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. அது கார்புரேட்டர் நிரம்பி வழியும் ஓவர்ஃப்ளோவால் இருக்கலாம், மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தும் இருக்கலாம். பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் ரிங்கும் சீக்கிரம் தேயும். கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

இனி மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி காய்ந்த கரி படிந்திருந்தால் கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். ஒன்றில் மட்டும் கரி என்றால் கார்புரேட்டரைக் குறை சொல்ல முடியாது. அந்த சிலிண்டரின் பிளக், ஒயர், வால்வு இவற்றைப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பான ஈரக் கரி என்றால் எரிவது என்ஜின் ஆயில். அதற்குப் புகையும் நீல நிறத்தில் வரும்.

கழற்றாமலே பார்க்கக்கூடியவை இரண்டு. சோக் என்பது குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு. அதன் குமிழை முழுக்க உள்ளே தள்ளிய பிறகு, மேலே உள்ள சோக் தகடு செங்குத்தாக நிற்கிறதா? பழைய கேபிள் துருப்பிடித்து இறுகி, தகடு பாதியில் நின்றுவிடும். டாஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருப்பதைப் பார்த்து ஏமாறுவார்கள். இன்னொன்று ஏர் ஃபில்டர். அதை எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் ஃபில்டரை மாற்றினால் போதும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், ஏர் கிளீனரைக் கழற்றி, என்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தலைமுடியும் தளர்ந்த துணியும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டையின் நடுவே சிறு வளையம் போலத் துருத்திக்கொண்டிருப்பது மெயின் நாசில். ஐட்லிங்கில் அது காய்ந்திருக்க வேண்டும். அதன் நுனியிலிருந்து பெட்ரோல் சொட்டினால் கார்புரேட்டரின் பெட்ரோல் அறைக்குள் மட்டம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. உறுதி செய்துகொள்ள, ஐட்லிங்கில் ஓடும்போதே பெட்ரோல் ஓஸை மடக்கிப் பிடியுங்கள். என்ஜின் அணைவதற்கு முன் சிறிது நேரம் தெளிவாக, சீராக ஓடினால், அறை நிரம்பியதும் மிதவை உயர்ந்து பெட்ரோலை அடைக்க வேண்டிய நீடில் வால்வு மூடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகிப் பாருங்கள். ஐட்லிங் வழி அடைபட்டதால் என்ஜின் தள்ளாடி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஐட்லிங் வழி அல்லாத வேறு வழியில் பெட்ரோல் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த மூன்றிலும் மாட்டக்கூடிய வண்டிதான்.

கார்புரேட்டரின் மேல் மூடியைக் கழற்றும்போது கேஸ்கெட்டைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். ரிப்பேர் கிட்டில் வரும் புதியதை அதன்மேல் வைத்து ஓட்டைகள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். காற்று வழியின் ஓட்டை ஒன்று மறைந்தாலும் நீங்கள் செய்த வேலை வீண். நீடிலின் கூம்பு நுனியைச் சுற்றி வளையமாகத் தடம் விழுந்திருந்தால், நீடிலையும் அது உட்கார்ந்து மூடும் துளையான சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது நீடில் பழைய சீட்டில் உட்காராது. நீடில் சீட்டுக்கு அடியில் உள்ள வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். வாஷர் இல்லாவிட்டால் மரை வழியாகவே பெட்ரோல் கசியும். அதோடு சீட்டும் மேலே ஏறிவிடுவதால் மிதவை இன்னும் உயர்ந்த பிறகுதான் நீடில் மூடும், மட்டம் கூடும். எடுத்த அதே கனத்தில் வாஷர் போட வேண்டும்.

மிதவையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் முக்குங்கள், குமிழி வரும் இடம் ஓட்டை. ஓட்டை மிதவையை ஒட்டிப் பயன்படுத்தினால் எடை கூடி மறுபடி மட்டம் மாறும். புதிது வாங்குவதே நல்லது. பூட்டிய பிறகு மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் ரப்பர் ஓஸ் மாட்டி ஊதுங்கள். மிதவையின் எடையில் நீடில் மூடிக் காற்று நிற்க வேண்டும். அறையின் பக்கத்தில் மட்டம் பார்க்கும் கண்ணாடி உள்ள கார்புரேட்டர் என்றால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஐட்லிங்கில் ஓடவிட்டால் பெட்ரோல் மட்டம் நடுக்குறியில் நிற்க வேண்டும்.

ஜெட்களுக்குக் கம்பி விடவே கூடாது. பித்தளை மெதுவானது, ஒரு முறை கம்பி விட்டால் துளை பெரிதாகி நிரந்தரமாக ரிச் ஆகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும். தெளிக்கும் முன் ரப்பர், டயாஃப்ரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காற்று ஜெட்களை மறக்காதீர்கள், தூசி அடைத்தால் வேகம் கூடக்கூட ரிச் ஆகும். இது இரண்டு தொண்டை கார்புரேட்டர். முதல் தொண்டை எப்போதும் வேலை செய்யும். இரண்டாவது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால்தான் திறக்கும். இரண்டின் மெயின் ஜெட் எண்களும் வேறு, இரண்டாவதன் துளை பெரியது. கழுவும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்காது. கழற்றும் முன் எண்ணைக் குறித்து வையுங்கள்.

நீடிலும் மிதவையும் புதிதாகியும் சொட்டினால் பம்ப் பக்கம் திரும்புங்கள். மீதிப் பெட்ரோலை டாங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ் மடங்கினாலோ அடைத்தாலோ, அழுத்தம் ஏறி நல்ல நீடிலையும் தள்ளித் திறந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ. ஏர் கிளீனர் மாட்டி, என்ஜின் முழுச்சூட்டில், ஹெட்லைட் அணைத்து, ஸ்க்ரூவை இறுக்காமல் உட்காரும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து இரண்டு, இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். மெல்ல இரு பக்கமும் திருகி வேகம் அதிகமாக வரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வேகம் லேசாகக் குறையத் தொடங்கும் வரை உள்ளே கொண்டுபோய் விடுங்கள். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 900 சுற்று அளவுக்கு என்ஜின் வேகத்தை வைக்கலாம். இரண்டு சக்கர வண்டியில் பழகிய கைக்கு இங்கே திசை மாறும். த்ராட்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ஸ்க்ரூ கலவையை விடுவது: வெளியே எடுத்தால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள ஸ்க்ரூ காற்றை விடுவது: வெளியே எடுத்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. ஆம்னியில் இருப்பது முதல் வகை. கடைசியில் புகைச் சோதனை நிலையத்தில் அளந்துவிடுங்கள். பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்கு முந்தைய உங்கள் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை அனுமதி. வேலை சரியாக நடந்திருந்தால் அந்த வரம்புக்கு நன்றாகக் கீழே வரும்.

கேள்வி: கோவையில் ஒழுங்காக ஓடும் ஆம்னி, காய்கறி ஏற்ற ஊட்டி போனால் மட்டும் இழுக்காமல் புகைகிறது. கீழே வந்தால் சரியாகிவிடுகிறது. இது கோளாறா?
- ஒரு வாசகர், காரமடை

பதில்: வண்டியில் கோளாறு இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொண்டை வழியே போகும் காற்றின் எடை குறைகிறது, ஆனால் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கணக்குப் போட்டால் கலவை பத்து சதவீதத்துக்கும் சற்று மேல் ரிச் ஆகும். கீழேயே ஓரளவு ரிச்சாக ஓடும் வண்டி என்றால் மேலே போனதும் புகையத் தொடங்கும்.

எப்போதாவது போகிறீர்கள் என்றால், சுத்தமான ஏர் ஃபில்டரும் முழுக்கத் திறந்த சோக்கும் போதும். ஐட்லிங் நிலையாக நிற்காமல் தடுமாறினால் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகலாம். வண்டி மலையிலேயே ஓடுகிறதென்றால் முதல் தொண்டையின் மெயின் ஜெட்டை ஒரு எண் குறைத்துப் போடலாம். ஆனால் அந்த ஜெட்டோடு சமவெளியில் பாரம் ஏற்றி ஓட்டாதீர்கள். லீனாக ஓடி என்ஜின் சூடேறும், வால்வு கருகும். ஏறி இறங்கும் உங்களுக்கு ஜெட் மாற்றுவதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் என் வேனில் ஓவர்ஃப்ளோ ஆகிறது. எத்தனால் கலவையை ரிச் ஆக்குமா?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: நேராகப் பார்த்தால் எதிர்மாறு. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். ஆகவே அதே ஜெட்டில் என்ஜின் கொஞ்சம் லீனாகத்தான் ஓடும். உங்களுக்கு ஓவர்ஃப்ளோ வருவது வேறு காரணங்களால். டாங்கிலும் குழாயிலும் பல ஆண்டாகப் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து நீடில் சீட்டில் சேர்க்கிறது. பழைய ரப்பர் நுனி நீடிலும் பம்ப் டயாஃப்ரமும் ஊறி உப்புகின்றன. உப்பிய நீடில் சீட்டில் சரியாக உட்காராது. எத்தனால் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் நுனி நீடில், அதற்கேற்ற ஓஸ், புதிய பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். ஃபில்டரை ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் மாற்றுவது நல்லது, மிச்சப் பிசின் வந்துகொண்டிருக்கும். வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டாங்கை நிரப்பி வையுங்கள். காலி டாங்கில் ஈரக்காற்று புகும், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கார்புரேட்டர் முழுக்க சர்வீஸ் செய்தும் பிளக் கருக்கிறது. என்ஜின் சூடு முள் எப்போதும் அடியிலேயே நிற்கிறது. தொடர்பு உண்டா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கலாம், அல்லது அது திறந்தபடியே மாட்டியிருக்கலாம். "வெயில் ஊருக்கு அது தேவையில்லை" என்று பல பட்டறைகளில் சொல்வது தவறு. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுக்க ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போய்ப் பாதி எரிந்து கரியாகும், ஆயிலிலும் இறங்கும். புதிய தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஒரு வாரம் ஓட்டிய பிறகு பிளக்கைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தால் கார்புரேட்டரில் எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆம்னியில் எல்.பி.ஜி. கிட் உண்டு. கேஸில் ஓடும்போதே பெட்ரோல் முள் இறங்குகிறது, கரும்புகையும் வருகிறது.
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: இரண்டு எரிபொருளும் ஒரே நேரத்தில் போகின்றன. கேஸுக்கு மாற்றியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய சொலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) மூடவில்லை. கேஸில் ஓடும்போது அதற்கு அடுத்த ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் வந்தால் வால்வை மாற்ற வேண்டும். கேஸ்-பெட்ரோல் ஸ்விட்சை நடுவில் வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கேஸ் வேலையை மட்டும் அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே கொடுங்கள், வீட்டில் வேண்டாம்.