வாசகர் கேள்வி–பதில்: காந்தப் படலத்துக்கு எவ்வளவு சூடு?

கேள்வி: இரும்பும் பிளாட்டினமும் சரிபாதி கலந்த படலத்தை மைக்ராஸ்கோப் ஸ்லைடு மீது ஸ்பட்டரிங் முறையில் (அயனிகளை மோதவிட்டு அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது) 10 நானோமீட்டர் தடிமனில் போடுகிறேன். ஹீட்டர் இல்லாமல் போட்டால் காந்த நீக்குத்திறன் (காந்தத்தை அழிக்கத் தேவையான எதிர்க்காந்தப் புலம்) ஏறக்குறைய இல்லவே இல்லை. 600 டிகிரி செல்சியஸ் வைத்தால் கண்ணாடி வளைகிறது, படலம் திட்டுத் திட்டாகிறது. எந்த வெப்பநிலை சரி?

பதில்: முதலில் கண்ணாடியை மாற்றுங்கள். அது சோடா-லைம் வகை. 500 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும், சோடியமும் படலத்துக்குள் ஏறும். குவார்ட்ஸ் நல்லது, (001) முகமுள்ள (இந்த எண்கள் படிகத் தளத்தின் திசையைக் குறிக்கும்) மக்னீசியம் ஆக்சைடு படிகம் அதைவிட நல்லது. வெறும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், இந்தச் சூட்டில் உலோகத்தோடு சேர்ந்து சிலிசைடு என்ற சேர்மம் உண்டாகிவிடும்.

சூடில்லாத தளத்தில் அணுக்கள் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். இரும்பும் பிளாட்டினமும் கலந்து கிடக்கும், காந்தம் மென்மையாகவே இருக்கும். அவை ஓர் அடுக்கு இரும்பு, ஓர் அடுக்கு பிளாட்டினம் என்று வரிசைப்பட்டால்தான் காந்தம் வன்மை பெறும். அதற்கு அணுக்கள் நகர வேண்டும். சிக்கலும் அங்கேதான்: நகர முடிகிற அணுக்கள் பக்கத்துத் துகள்களோடும் சேர்ந்து திரளும். நீங்கள் பார்த்த திட்டுகள் அவையே. வெப்ப உதவிப் பதிவுக்கான (லேசரால் சூடாக்கித் தரவை எழுதும் முறை) ஹார்ட் டிஸ்க் வட்டுகளில் இதற்காகவே கார்பனைச் சேர்த்துப் படிவிக்கிறார்கள். அது துகள்களுக்கு நடுவே சுவராக நின்று அவற்றைச் சில நானோமீட்டர் அளவிலேயே நிறுத்துகிறது.

மற்றதையெல்லாம் மாற்றாமல் 350 முதல் 650 வரை 50 டிகிரிக்கு ஒரு படலம் போடுங்கள். தாமிர எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் 24 டிகிரி கோணத்தருகே (இது வெப்பநிலை அல்ல) வரும் (001) முகடுதான் வரிசைக்குச் சாட்சி. 41 டிகிரி அருகே (111) முகடு ஓங்கினால் காந்த அச்சு சாய்ந்துவிட்டது. சூட்டைக் கூட்டிப் பயனில்லை, அடியில் மக்னீசியம் ஆக்சைடு அடுக்கு போடுங்கள். 24 டிகிரி முகடு நன்றாக வலுத்தும் பரப்பு இன்னும் கரடுமுரடாகாத வெப்பநிலையே உங்களுக்கு உரியது. குளிரில் போட்டுவிட்டுப் பிறகு சுட்டால் (111) பக்கமே சாயும் வாய்ப்பு அதிகம்.

ஹீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வெற்றிடத்தில் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே போகிறது. குவார்ட்ஸ் அதில் கணிசமான பகுதியை ஊடே விட்டுவிடும். ஆகவே தளம் ஹீட்டரைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். மாதிரித் துண்டு ஒன்றின் மேல்முகத்தில் வெப்ப இரட்டையை (தெர்மோகப்பிள் என்ற வெப்பமானி) பீங்கான் பசையால் ஒட்டி, ஹீட்டர் எண்ணுக்கும் தள வெப்பத்துக்கும் ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது வெற்றிட அறையின் சுவர்கள் நீராவியை உமிழும். அழுத்தம் பழைய நிலைக்கு இறங்கிய பிறகே ஆர்கானைத் திறக்க வேண்டும். இல்லையெனில் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையும்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் கோபால்ட் படலத்தை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் போட்டார்களாம். செங்குத்துப் பதிவில் (காந்தத்தை வட்டுப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தும் முறை) ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: அன்று குரோமியத்தைத் துகள் விளிம்புக்குத் தள்ளச் சூடு தேவைப்பட்டது. 2005-இல் விற்பனைக்கு வந்த செங்குத்துப் பதிவு வட்டுகளில் அந்த வேலையைச் சிலிக்கா போன்ற ஆக்சைடு பார்க்கிறது. அது கோபால்ட்டில் கரையாது. சூடில்லாமலே, ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டினால் விளிம்பில் ஒதுங்கும். சூடாக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலுமினிய வட்டின் மேலுள்ள நிக்கல்–பாஸ்பரஸ் பூச்சும் 300 டிகிரி அருகே படிகமாகித் தானே காந்தமாகிவிடும். இரும்பு–பிளாட்டினத்தை மிகுந்த சூட்டில் போட வேண்டிய வெப்ப உதவிப் பதிவுக்குக் கண்ணாடி வட்டு வேண்டியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.