மகன் கேட்கும் பனிக்கால டயர்: சேமநிதியைத் தொடலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 57. மகன் கனடாவில் மொன்றியால் நகரில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறான். பிறகு டொரொன்டோவுக்கு மாறலாம் என்கிறான். போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினான். பனிக்காலத்துக்கென்று தனி டயர் போட வேண்டுமாம். நான்கு டயர் 800 டாலர், அவற்றுக்குத் தனி இரும்பு ரிம் 400 டாலர். ரிம் இருந்தால் ஒவ்வொரு முறையும் மாற்றுக்கூலி 60 டாலர், இல்லாவிட்டால் 110. நம் காசுக்கு 3,600 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பச் சொல்கிறான். காரில் இருக்கும் டயரே நன்றாக இருக்கிறதாமே? பணத்தை ஊழியர் சேமநிதியில் எடுப்பதா, இங்கே நடக்கும் கூட்டில் (சீட்டில்) முதலில் எடுத்து அனுப்புவதா?

பதில்: ஐயா, டயர் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் 3,600 வெள்ளி தேவையில்லை. சேமநிதியையும் கூட்டையும் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.

மொன்றியால் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் காரை ஓட்டக்கூடாது என்பது சட்டம். மீறினால் அபராதமே 200 முதல் 300 டாலர். சட்டத்தை விடவும் எனக்குக் கவலை உங்கள் மகனின் உயிர். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப்போய்ச் சாலையைப் பிடிப்பதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் டயரும் பனியில் வழுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னம் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறேன் என்று மகன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்சக்கரம் பிடித்துப் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

இனி ரிம் கணக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 50 டாலர் மிச்சம். ஆண்டுக்கு இரண்டு மாற்றம், ஆக 100 டாலர். போட்ட 400 டாலர் திரும்பி வர நான்கு ஆண்டு ஆகும். இரண்டு ஆண்டில் ஊர் மாறுவேன் என்பவருக்கு, அதுவும் பழைய காருக்கு, ரிம் வேண்டாம். இதே காரை ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பதானால் வாங்கச் சொல்லியிருப்பேன். ரிம் இருந்தால், அடிக்கடி கழற்றி மாட்டும்போது டயரின் விளிம்பு சேதப்படும் வாய்ப்பும் குறையும்.

மீதி 800 டாலரை முழுக்கக் கூடுதல் செலவு என்று எண்ணாதீர்கள். குளிர்மாதங்களில் கழற்றி வைத்திருக்கும் கோடை டயர் அந்த மாதங்களில் தேயாது. அடுத்த கோடை டயர் வாங்கும் நாள் அவ்வளவு தள்ளிப்போகும். மாற்றுக்கூலிக்கு அஞ்சி ஆண்டு முழுவதும் பனிக்கால டயரிலேயே ஓட்டுபவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். மிருதுவான ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. டயர் நான்கு குளிர்காலம் உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 200 டாலர், மாற்றுக்கூலி 220. மாதத்துக்குப் பிரித்தால் 35 டாலர். கார் வாங்கிய நாளிலிருந்தே சம்பளத்தில் ஒதுக்க வேண்டிய தொகை இது. உங்கள் ஊர்க்காரர், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கியது. இதை உங்கள் மகனுக்கு நீங்கள் சொன்னால் இன்னும் நன்றாக ஏறும்.

இந்த முதல் ஆண்டுதான் சிக்கல். டயருக்கும் மாட்டுவதற்கும் 910 டாலர் ஒரே மாதத்தில் வேண்டும். அவனால் முழுவதையும் புரட்ட முடியவில்லை என்றால், உங்கள் வங்கிச் சேமிப்பிலிருந்து 400 டாலர், அதாவது சுமார் 1,200 வெள்ளி, கடனாகக் கொடுங்கள். ஜனவரியிலிருந்து மாதம் 50 டாலர் என்று எட்டு மாதத்தில் திருப்பித் தரட்டும். பிள்ளையிடம் கணக்குப் பார்ப்பதா என்று மனம் இடிக்கும். உங்களுக்கு இனிச் சம்பளம் இல்லை, அவனுக்கு இருக்கிறது.

சேமநிதியை நான் தடுப்பதற்குக் காரணம் உண்டு. 55 வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால்தான் அது சின்னச் சின்னத் தேவைகளுக்குக் கரைகிறது. 2024க்கு அங்கே 6.30 விழுக்காடு ஈவுத்தொகை கிடைத்தது. 6 விழுக்காடு என்று வைத்தாலும் இன்று எடுக்கும் 3,600 வெள்ளி, எடுக்காமல் விட்டால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 6,400 ஆகும். உங்கள் மருந்துச் செலவுக்கு அது உதவும்.

கூட்டு வேண்டவே வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் கூட்டு நடத்துவதே குற்றம். தெரிந்தவர்தானே நடத்துகிறார் என்பீர்கள். அவர் கையை விரித்தால் எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவீர்கள்? முதலில் எடுத்தால் மீதி மாதங்கள் முழுக்கக் கட்டும் கடனும் உங்கள் தலையில்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று மகன் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டின் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் தயாரானது. பள்ளக்கோடுகளின் ஆழம் 4.8 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் பனியில் அது உதவாது. கடையில் அக்டோபரிலேயே நாள் குறித்துக்கொள்ளட்டும். முதல் பனி விழுந்த பிறகு வரிசை நீண்டுவிடும். மார்ச் 15 ஆனதும் கழற்றிவிடவும் வேண்டாம். மொன்றியாலில் ஏப்ரலிலும் பனி விழுவதுண்டு.