ஆன்லைனில் தனிநபராக விற்ற பழைய கார் பார்ட்ஸ் வேலை செய்யவில்லை என்றால், விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பொய் சொல்லியோ, தெரிந்த கோளாறை மூடி மறைத்தோ விற்கவில்லை என்றால் தர வேண்டியதில்லை. மெக்கானிக் கூலி அதற்கும் அடுத்த கதை.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். சொந்தக் காரில் இருந்து கழற்றிய டைனமோவை (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்) விளம்பரம் போட்டு விற்றிருக்கிறீர்கள். பத்து நாள் கழித்து வாங்கியவர் சார்ஜ் ஏறவில்லை என்கிறார். விலையோடு மெக்கானிக் கூலியும் சேர்த்துக் கேட்கிறார், "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று மெசேஜ் வேறு. நீங்கள் கடைக்காரர் இல்லை, ஓடாமல் கிடந்த வண்டியை எடைக்குப் போட மனசில்லாமல் பிரித்து விற்றீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லாமல், வாராவாரம் எங்கிருந்தோ பார்ட்ஸ் வாங்கி "ஓனர் சேல்" என்று போட்டு விற்பவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல. அப்படி விற்பது வியாபாரம். அதற்குச் சட்டம் வேறு மாதிரி பேசும்.

நான் வக்கீல் இல்லை. என் சித்தப்பா மகன் வக்கீல். எனக்குப் பிரச்சினை வந்தபோது அவன் சொன்னதும், அவன் சொன்ன பிரிவுகளை நானே உட்கார்ந்து படித்ததும்தான் இது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு: விற்ற பொருளின் தரத்துக்குச் சொல்லாமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. விலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமானவை அந்தப் பொருளைத் தொழிலாக விற்பவருக்கானவை. கடைக்காரரிடம் "இன்ன வண்டிக்கு வேண்டும்" என்று சொல்லி வாங்கினால் அவர் பொறுப்பு. நீங்களும் நானும் அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஆனால் 15-ஆவது பிரிவு நம்மையும் பிடிக்கும். பெட்ரோல் வண்டி டைனமோ என்று எழுதிவிட்டு டீசல் வண்டியினுடையதைக் கொடுத்தால், தனிநபர் என்று தப்பிக்க முடியாது. சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறைப்பதைப் பற்றி 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஒருவன் வாயைத் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான். அது மோசடி இல்லை என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவன், "நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று கேட்டபிறகும் விற்பவன் சும்மா நின்றால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது, இன்றைக்கு வாட்ஸப்பில் "பிரதர் கண்டிஷன் எப்படி?" என்ற கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது. கேட்காதவரைக்கும் ஒரு நிலை, கேட்டபிறகு வேறு நிலை. அதனால் உங்கள் வாட்ஸப் உரையாடலை முதலில் எடுத்துப் பாருங்கள். வாங்கியவர் கேட்டாரா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி என் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் என் ஃபோர்டு ஃபிகோ கார் மூழ்கியது. 2011-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. சென்னையில் பள்ளிக்கரணை பக்கம் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நின்றது, தண்ணீர் டாஷ்போர்டுக்கு மேலே ஏறிவிட்டது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்ததால் ஒரு பைசா வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரிடமும் பணம் வசூலித்து வாங்கிய தண்ணீர் இறைக்கும் மோட்டார் எங்கள் அசோசியேஷனிடம் இருந்தது. அன்று ராத்திரி அது ஓடவில்லை. ஏன் என்றால், அதைக் கீழ்த்தளத்திலேயே தரையில் வைத்திருந்தார்கள். காருக்கு முன்னால் மோட்டார்தான் மூழ்கியது! தண்ணீர் வடிந்ததும் செயலாளர் முதல் வேலையாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியது, "வாகனச் சேதத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல". மாதாமாதம் பார்க்கிங் பராமரிப்பு என்று வாங்குகிறார்களே, எதைப் பராமரிக்கிறார்கள்? பொதுக்குழுவில் கேட்டதற்கு, "நீங்க காரை முன்னாடியே மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டிருக்கணும் சார்" என்று பதில். சரி, அது இருக்கட்டும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து ஃபிகோ வைத்திருப்பவர்கள் பழைய பார்ட்ஸைத் தேடி அலைகிறார்கள். அதனால் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் மொத்தமாகத் தள்ளிவிடாமல், தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பிரித்துத் தனித்தனியாக விற்றேன். "வெள்ளத்துல நின்ன வண்டி பார்ட்ஸை வித்ததே தப்பு, மனசாட்சி இல்லையா" என்று கேட்பவர்கள் கீழே வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் விற்கவில்லை, கம்ப்யூட்டர் பெட்டியையும் விற்கவில்லை. எல்லாம் எடைக்குப் போனது. எஞ்சின் நம்பர் ஆர்சியில் இருப்பதால் எஞ்சினையும் தனியாக விற்கவில்லை. வண்டி இனி ஓடாது என்றால் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு சொல்கிறது, அதையும் செய்தேன். விற்ற ஒவ்வொன்றின் விளம்பரத்திலும் முதல் வரியே "வெள்ளத்தில் மூழ்கிய வண்டி" என்பதுதான். அதைப் பார்த்துவிட்டுப் பாதி பேர் ஓடிவிட்டார்கள். போகட்டும்.

கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் சத்தமில்லாமல் போய்விட்டன. வம்பு வந்தது ஏசி கம்ப்ரசரில்.

வாங்கியவர் திண்டிவனம் பக்கம். நல்ல மனிதர்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் வண்டியில் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது, புதுசு இருபதாயிரத்தைத் தாண்டுகிறது என்றார். 4,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். சாட்டில் நான் அனுப்பியது இப்போதும் இருக்கிறது: "தண்ணீரில் முழுசாக நின்றது. உலர்த்தியிருக்கிறது. கையால் சுற்றினால் சுற்றுகிறது. பேட்டரி கொடுத்தால் கிளட்ச் பிடிக்கிறது. கேஸ் ஏற்றி ஓட்டிப் பார்க்கவில்லை. ரிட்டர்ன் கிடையாது." அவர் "ஓகே அண்ணா" என்று போட்டார். நேரில் வந்தபோதும் கிளட்சுக்கு (கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் காந்தப் பகுதி) பேட்டரி கொடுத்து டக்கென்று பிடிப்பதைக் காட்டினேன். பாடியில் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்து போட்டோ எடுத்துக்கொண்டேன். புதுப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது அது. தன்னுடைய செத்த பார்ட்டைக் கொண்டுவந்து "இதுதான் நீங்க குடுத்தது" என்பவர்கள் உண்டாம்.

சில வாரம் கழித்து போன். கம்ப்ரசர் ஜாம். கொடுத்த விலை, கேஸ், ஆயில், கூலி என்று எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேட்டார். "மெக்கானிக் சொல்றாரு, உங்களை ஏமாத்திட்டாங்கன்னு."

எனக்குச் சுரீரென்றது. ஏமாற்றினேன் என்ற வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியாது. மெக்கானிக்கையே லைனில் கொடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"டிரையர் மாத்தினீங்களா?" என்றேன்.

"பழசே நல்லாத்தான் சார் இருந்துச்சு. கஸ்டமருக்கு எதுக்குத் தேவையில்லாத செலவுன்னு விட்டுட்டேன்."

"லைனை ஃப்ளஷ் பண்ணீங்களா?"

"காத்து அடிச்சேன் சார்."

"பழைய கம்ப்ரசரைக் கழட்டும்போது பைப்புல கருப்பா ஏதாவது இருந்துச்சா?"

பதில் வரவில்லை. அதற்குள் வாங்கியவர் குறுக்கே, "ஆமாண்ணா, மை மாதிரி கையெல்லாம் ஒட்டுச்சு" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏசி கம்ப்ரசர் உள்ளே உரசி ஜாம் ஆனால், தேய்ந்த உலோகத் தூள் ஆயிலோடு கலந்து கண்டென்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் சின்ன டப்பா), பைப் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். லைனைக் கழுவி, டிரையரை மாற்றி, அடைத்திருந்தால் கண்டென்சரையும் மாற்றி, சரியான ஆயிலைச் சரியான அளவில் விட்ட பிறகுதான் அடுத்த கம்ப்ரசரை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியில் இருந்து பெட்டி பிரிக்காமல் வந்ததை மாட்டினாலும் அந்தத் தூளே அதையும் தின்றுவிடும். புது கம்ப்ரசருக்கு வாரண்டி கேட்டுப் போனால்கூட டிரையர் மாற்றிய பில் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

"என் கம்ப்ரசர் தண்ணியில நின்னதால போயிருக்கலாம், உங்க லைன்ல இருந்த தூளால போயிருக்கலாம். தண்ணியில நின்னதை நான் சொல்லித்தான் குடுத்தேன். லைன்ல தூள் இருந்ததை உங்க மெக்கானிக் பார்த்தும் மாட்டியிருக்காரு. கூலியை என்கிட்ட கேக்குறது நியாயமா?" என்றேன். வேண்டுமானால் கம்ப்ரசரைக் கொண்டுவாருங்கள், உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஏசி கடை ஒன்றில் பிரித்துப் பார்ப்போம், உள்ளே துரு என்றால் 4,500-ஐ அப்படியே தந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சட்டப்படி அதைக்கூட நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. என் தம்பி திட்டினான். ஆனால் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லும் துணிச்சல் விற்பவனுக்கு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அவர் கொண்டுவரவில்லை.

மறுநாள் அவருடைய மாமா பேசினார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவராம். "420-இல் உள்ளே தள்ளிடுவேன்" என்றார். பணம் வாங்கும்போதே விற்றவனுக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் அந்தக் கேஸ் நிற்கும். (2024 ஜூலையில் இருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. பழக்க தோஷத்தில் எல்லோரும் இன்னும் 420 என்றே மிரட்டுகிறார்கள்.) சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டுகளை அவருக்கே அனுப்பி, "ஐயா, நீங்களே படிச்சுப் பார்த்துட்டு சொல்லுங்க" என்றேன். நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பல மாதம் கழித்து வாங்கியவரே மெசேஜ் போட்டார்: "அண்ணா, அந்த வண்டியோட லெஃப்ட் சைடு மிரர் இருக்கா? லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க." என்னத்தைச் சொல்ல.

கன்ஸ்யூமர் கோர்ட் மிரட்டலுக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் குறைபாட்டுக்காகப் புகார் செய்வது வியாபாரி, தயாரிப்பாளர் போன்றவர்கள் மேல்தான். வீட்டில் கிடந்த ஒன்றை ஒருமுறை விற்றவரை வியாபாரி என்று நிரூபிப்பது வாங்கியவர் பாடு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் தேவையில்லை என்பதால் அவர் புகாரைப் போட்டுவிடலாம், அதைத் தடுக்க முடியாது. நோட்டீஸ் வந்தால் மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். போகாமல் இருந்தால் அவர் சொல்வதை வைத்தே தீர்ப்பு ஆகிவிடும்.

உங்கள் டைனமோவுக்கு நான் கேட்பேன் என்றால் இதையெல்லாம் கேட்பேன். மாட்டியதும் எத்தனை வோல்ட் காட்டியது? எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் பொதுவாக 13.8-இல் இருந்து 14.4 வரை வர வேண்டும். முதல் நாள் அது வந்து பத்தாம் நாள் நின்றிருந்தால், நீங்கள் கொடுத்தபோது வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. நடுவில் பேட்டரியை மாற்றினார்களா? பிளஸ் மைனஸ் ஒரு நொடி மாறித் தொட்டாலும் உள்ளே டயோடு போய்விடும். பின்னால் இருக்கும் சின்ன சாக்கெட் சரியாக மாட்டியிருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் கேளுங்கள். இவற்றைக் கேட்காமலேயே "டைனமோ போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஏராளம். எல்லோரையும் சொல்லவில்லை, என் மெக்கானிக் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் "டெஸ்ட் பண்ணியாச்சு, சூப்பர் கண்டிஷன்" என்று எழுதிவிட்டு உண்மையில் டெஸ்ட் செய்யாமல் கொடுத்திருந்தால், மேலே நான் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள். அப்போது கூலியையும் நஷ்டம் என்று ஒப்பந்தச் சட்டம் 73-ஆவது பிரிவைக் காட்டி அவர் கேட்கலாம். "உள்ளது உள்ளபடி, ரிட்டர்ன் இல்லை" என்ற வரி பொய்க்குக் குடை பிடிக்காது. அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், டைனமோவைக் கொண்டுவரச் சொல்லி பொதுவான ஒரு எலக்ட்ரீஷியனிடம் வண்டிக்கு வெளியே பெஞ்சில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கொடுத்தது அதேதானா என்று நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டு பெஞ்சில் போடுங்கள். சாட்டில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பேர், நம்பரை மறைத்துவிட்டு இங்கே போட்டால், பார்த்துவிட்டு இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.