ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

கேள்வி: காரைக்குடியில் தனிக்குடித்தனம் இருக்கிறோம். எங்களுக்கு 14 மாதப் பெண் குழந்தை. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திங்கள் முதல் சனி வரை காலை 9 மணிக்குக் கிளம்பினால், வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பகலில் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஓர் அம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறுதோறும் என் மாமனாரும் மாமியாரும் தேவகோட்டையிலிருந்து உதவிக்கு வந்துவிடுகிறார்கள். “வாரமெல்லாம் உழைக்கிறாய், இன்றைக்காவது கொஞ்சம் படு” என்று சொல்லிவிட்டு, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் மாமியாரே செய்கிறார். பள்ளத்தூரில் இருக்கும் என் தாயாரோ, வாரம் முழுவதும் குழந்தையைத் தம்மிடமே விட்டுவிடச் சொல்கிறார். எனக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். வேண்டாம் என்றால் பெரியவர்களின் முகம் வாடிவிடுகிறது. ‘உதவ வந்தவர்களை ஏன் ஒதுக்குகிறாய்’ என்று கணவர் கேட்கிறார். நான் சுயநலக்காரியா?

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பதால், முதலில் ஒரு கணக்கையே போட்டுப் பார்ப்போம். இந்த வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் வரை தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே உங்கள் மகள் விழித்திருப்பது ஏறத்தாழ 11 மணி நேரம். அலுவலக நாளில் காலை 7 முதல் 9 வரையும், மாலை ஆறரை முதல் எட்டரை வரையும் என நான்கு மணி நேரம்தான் அவளும் நீங்களும் விழித்தபடி ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அந்த நான்கு மணி நேரத்திலும் பாதியை அடுப்பும் பாத்திரமும் துணி மடிப்பும் தின்றுவிடும். அந்தக் குறையைத்தான் ஞாயிறன்று ஈடுகட்ட நினைக்கிறீர்கள். அன்றைக்கு உங்களைப் படுக்கச் சொல்வது அன்புதான். ஆனால் உங்களுக்குத் தேவைப்படாத இடத்தில் வந்து விழும் அன்பு அது.

இந்த இடத்தில் பெரியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் அப்பத்தா ஆகிவிட்டவள். என் பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது மருமகளிடம், “ஆத்தா, நீ போய்த் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சில் அவளுடைய களைப்பைப் பற்றிய கவலை பாதி. குழந்தையைக் கொஞ்ச நேரம் எனக்கே எனக்கென்று மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி. ஆசையை ஆசை என்று வாய்விட்டுக் கேட்க எங்கள் தலைமுறைப் பெண்களுக்குக் கூச்சம். ஆகவே அதற்கு உதவி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். உங்கள் மாமியாரும் தாயாரும் சொல்வதில் எது உதவி, எது ஆசை என்று பிரித்துப் பார்த்தீர்களானால் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும். உதவி தேவையில்லை என்று சொல்வது எளிது. பேத்தியைக் கொஞ்சும் ஆசையே வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் மறுப்பைக் கேட்டு அவர்கள் முகம் வாடுவது அந்த ஆசைக்காகத்தான்.

நம் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்றொரு வழக்கம் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகனுக்குத் திருமணமான பின், அவனையும் மருமகளையும் வீட்டை விட்டு அனுப்பாமலே, அதே வீட்டில் தனி அடுப்பும் பாத்திரங்களும் கொடுத்து, ஆண்டுக்கு வேண்டிய அரிசி முதலான சாமான்களையும் அளந்து கொடுத்து, அவர்களைத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, ஆக்கிவிடுவார்கள். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளில் ஆளுக்கொன்று, சமையல் அவரவர்க்கு, விசேஷம் என்றால் எல்லாருக்கும் ஒரே பந்தி. ஒரே கூரையின்கீழ் நெருங்கியிருப்பதற்கும் ஒருவர் அடுப்பில் இன்னொருவர் கை வைக்காமல் இருப்பதற்கும் நடுவில் எல்லை வேண்டும் என்பதை, பெரிய பெரிய வீடுகளைக் கட்டிய அந்த மனிதர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். எல்லையை முதலில் போட்டவர்கள் மருமகள்கள் அல்லர், மாமனார் மாமியார்களே என்பதையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு ஏற்கெனவே தனிதான். வேறு வைக்கப்படாமல் கிடப்பது நேரம் மட்டுமே.

ஆகவே நாள்களை மாற்றிப் போடுங்கள். மாமியாரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம், காலையிலேயே வரச் சொல்லுங்கள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை, தொலைவும் அதிகமில்லை. அன்றைக்கு நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். குளிப்பாட்டல், ஊட்டல், தாலாட்டு அனைத்தும் முழுக்க முழுக்க அவருடையவை. உங்கள் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உறுத்தல் அவருக்கு இருக்காது, கையிலிருந்து குழந்தை போய்விட்டதே என்ற தவிப்பு உங்களுக்கும் இருக்காது. பகலில் வரும் அம்மாளை அந்த நாளில் நிறுத்திவிடாதீர்கள். நடை பழகும் குழந்தையின் பின்னாலேயே நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து ஓட, அறுபதைத் தாண்டிய முழங்காலுக்குத் துணை வேண்டும். இதை மாமியாரே ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

ஞாயிறன்று மாலை 4 மணிக்குமேல் அனைவரும் வரட்டும், இரவுச் சாப்பாடு வரை இருக்கட்டும். அதுவரையிலான பொழுது தாய், தந்தை, மகள் மூவருக்கு மட்டும். ஒரே தாவலில் இந்த மாற்றம் கடினமாகத் தெரிந்தால், முதல் மாதம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று தொடங்குங்கள்.

உங்கள் தாயாரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். இந்த வயதில் தாயைப் பிரிந்தால் குழந்தை அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரையில் அந்தப் பிரிவுப் பயம் மிகுந்திருக்கும். பல கைகளில் வளர்வதால் தாய்ப்பாசம் குறைந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு மாலையும் தாய் திரும்பி வருகிறாள் என்ற உறுதி நாள்தோறும் கிடைக்க வேண்டிய பருவம் இது. உங்களுக்கு உண்மையில் முட்டுவது வார நாளின் காலையும் மாலையும்தான். அந்த முட்டுக்குத் தாயாரைக் கேளுங்கள். வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவை அரைத்துத் தரட்டும். சாம்பார்ப் பொடி இடித்துத் தரட்டும். முடிந்தால் இரண்டு மாலைகளில் வந்து இரவுச் சமையலை முடித்துவைக்கட்டும். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து மகளோடு விளையாட முடிந்தால், அந்த இரண்டு மணி நேரம் முழுதாக உங்களுக்குக் கிடைத்துவிடும். பெற்ற தாயிடம் மாவு அரைத்துத் தரச் சொல்ல என்ன தயக்கம்? “இதைத்தான் முன்னமே கேட்டிருக்கலாமே” என்றுதான் சொல்வார் என்பது என் ஊகம்.

இனி உங்கள் கணவருக்கு. தம் பெற்றோரிடம் இந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீங்கள் சொன்னால் அது மருமகள் போட்ட தடையாகக் கேட்கும். அவர் சொன்னால் மகன் செய்த ஏற்பாடாக இருக்கும். அதுவும் மனைவியின் பெயரை இழுக்காமல், “ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையோடு நானும் கொஞ்சம் இருக்க வேண்டும், அம்மா; புதன்கிழமை பகல் முழுவதும் பிள்ளை உங்களோடு இருக்கட்டும்” என்று தம் ஆசையாகவே சொல்லட்டும். இது சாக்கும் அன்று. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்றாண்டுக் கணக்கில் போன ஆண்கள், கருவில் விட்டுச்சென்ற பிள்ளையை ஓடி விளையாடும் வயதில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். அப்பச்சி, அதாவது அப்பா, என்று காட்டினால் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று என் ஆயா (பாட்டி) சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டாமல் அதே வீட்டில் இருந்துகொண்டே அப்படியோர் அப்பச்சியாக உங்கள் கணவர் ஆகிவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஞாயிறன்று அவர் என்ன செய்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை.

பெரியவர்களுக்குப் போடும் விதிகள் மிகக் குறைவாக இருக்கட்டும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். நிலக்கடலை, முந்திரி போன்றவற்றை முழுதாகக் கையில் கொடுக்கக் கூடாது. இரண்டு வயது நிறையும்வரை சோறூட்டக் கைப்பேசி வேண்டாம். தேவகோட்டையில் இருப்பது பழைய வீடாக இருந்தால், முற்றத்துத் தொட்டி, அண்டா, வாளி எதிலும் மூடாத தண்ணீர் இருக்கக் கூடாது. ஓரிரு அங்குலத் தண்ணீரே இந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து. இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றபடி எந்தச் சட்டை போட்டார்கள், கண்மை இட்டார்களா, மாவுருண்டையில் ஒரு கிள்ளு வாயில் வைத்தார்களா என்பதையெல்லாம் மாலையில் வந்து விசாரித்துக்கொண்டிருந்தால், புதன்கிழமையும் கெடும், ஞாயிறும் கெடும். கண்மை மட்டும் எனக்கும் பிடிக்காது. கேட்டால் கடையில் வாங்கிய மையை வேண்டாம் என்று சொல்லிவைக்கலாம்.

இவ்வளவும் சீரான பிறகு, “இரண்டு நாள் எங்களோடு இருக்கட்டுமே” என்ற பேச்சு தேவகோட்டையிலிருந்து வரும். உடனே மறுக்க வேண்டாம். முதலில் நீங்களும் உடனிருந்து ஓர் இரவு தங்கிப் பாருங்கள். அடுத்து ஒரு பகல் மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். தனியே தங்குவது அதற்கும் பிறகு. அப்போது அவள் படுத்துப் பழகிய உங்கள் பழைய மெல்லிய பருத்திச் சேலையைத் துவைக்காமலே கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்ததும் உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பத்தாவின் தோளிலேயே ஒட்டிக்கொண்டாலும் பறித்து வாங்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருங்கள். சற்று நேரத்தில் அவளாகவே இறங்கி வருவாள்.